ஊதிய ஒப்பந்தத்திற்கு உள்ளேயும் வெளியேயும்: சங்கப் பொருளாளராக இருந்த அனுபவம்

ஒரகடம் வட்டாரத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக வேலை பார்த்துக்கொண்டே, அங்குள்ள தொழிற்சங்கத்தின் பொருளாளராக இரண்டு ஊதிய ஒப்பந்தங்களின் காலம் முழுவதும் பொறுப்பு வகித்தேன். தொழிற்சங்கத்தால் நன்மை அதிகமா, தீமை அதிகமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். புதிதாகச் சங்கம் தொடங்க நினைக்கும் பக்கத்துத் தொழிற்சாலை இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். மகன் சங்கத்தில் சேர்ந்துவிட்டானே என்று கவலைப்படும் பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளிக்குச் சங்கம் தரும் நன்மை, கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய அளவுக்கு உறுதியானது. அதன் மிகப் பெரிய குறை, அந்த நன்மை பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளியோடு நின்றுவிடுவதுதான். இரண்டையும் நான் கண்டவாறே எழுதுகிறேன்.

முதலில் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ்ஸில் வேலை செய்பவர்களுக்கு அதுதான் முதல் கவலை. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி அமைத்திருப்பார்கள்; கை உள்ளே இருந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரும் இருக்கும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்ற இலக்கு ஏற ஏற, சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டும் பழக்கம் வந்துவிடும். மேற்பார்வையாளர் அதைப் பார்த்தும் பாராமல் போவார். விபத்து நடந்தால், தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஒரு வரியில் முடித்து, தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் மருத்துவமனைக்கு அனுப்பாமல் தனியார் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அதை உதவி என்றே பல தொழிலாளிகள் நம்பியிருந்தார்கள். முறையான விபத்து அறிக்கை ஈ.எஸ்.ஐ.க்குப் போகாவிட்டால், வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடாகக் கிடைக்க வேண்டிய உதவித்தொகையும், விரல் இழப்புக்கு மருத்துவ வாரியம் மதிப்பிட்டு வாழ்நாள் முழுவதும் தரவேண்டிய தொகையும் கேள்விக்குறியாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சங்கம் வந்த பிறகு நாங்கள் முதலில் கேட்டது ஊதிய உயர்வு அல்ல. எந்த விபத்தானாலும் அன்றைக்கே அறிக்கை அனுப்ப வேண்டும், அதன் நகல் சங்கத்துக்கும் வர வேண்டும், சென்சாரோடு ஓட்டினால் எத்தனை பீஸ் வருமோ அதையே இலக்காக வைக்க வேண்டும் என்று கேட்டோம். தனி ஆளாகப் போய் இதைக் கேட்ட ஆபரேட்டருக்கு அடுத்த வாரமே வேறு பிரிவுக்கு மாற்றல் கிடைத்திருக்கும். சங்கம் கேட்டபோது நிர்வாகம் உட்கார்ந்து பேசியது. சங்கத்தின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் சான்று, அந்தப் பிரஸ் ஷாப்பில் விரல்களோடு ஓய்வு பெறுபவர்கள்தான்.

அடுத்தது ஊதியம். எங்கள் பகுதியில் ஊதிய ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குப் போடப்படும். மொத்த உயர்வு எவ்வளவு என்பதுதான் வாயிலில் பேசப்படும். அது எந்தத் தலைப்பில் சேர்கிறது என்பதைக் கேட்பவர்கள் குறைவு. நிர்வாகம் உயர்வைப் படிகளில் (அலவன்ஸ்) வைக்க விரும்பும், தொழிலாளி அடிப்படை ஊதியத்தில் கேட்க வேண்டும். மாதம் 3,000 ரூபாய் உயர்வை அடிப்படையில் சேர்த்தால், 20 ஆண்டு பணி முடித்தவருக்குப் பணிக்கொடையில் (கிராஜுவிட்டி) மட்டும் ஏறத்தாழ 34,600 ரூபாய் கூடுதலாக வரும். நான் பொறுப்பில் இருந்த காலத்தில், அதே தொகையைப் படியில் வைத்தால் அது வராது. வைப்புநிதியின் (பி.எஃப்.) கணக்கும் அப்படியே மாறியது. பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். குரல் உயர்த்திப் பேசுபவர்கள் எல்லாச் சங்கத்திலும் கிடைப்பார்கள். ஊதியச் சீட்டை வரிவரியாகப் படிப்பவர் கிடைப்பது அரிது.

விலைவாசிப் புள்ளியோடு இணைந்த பஞ்சப்படி என்ற ஏற்பாட்டுக்கு எங்கள் சங்க இளைஞர்களிடம் பெரிய மதிப்பு இருந்ததில்லை. மொத்தத் தொகையாகக் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். 1984ஆம் ஆண்டு திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் இந்தப் பஞ்சப்படிக்காகத்தான் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று அவர்களிடம் சொல்வேன். ஒப்பந்தம் போட்ட மறுநாளிலிருந்தே விலைவாசி அதைத் தின்னத் தொடங்குகிறது என்பதை அந்தத் தலைமுறை நன்றாக அறிந்திருந்தது.

ஊதிய உயர்வே ஒரு பாதுகாப்பைப் பறித்துவிடும் இடமும் உண்டு. ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் ஊதிய உச்சவரம்பு 2017ஆம் ஆண்டிலிருந்து 21,000 ரூபாய். ஒப்பந்தத்தால் ஊதியம் அதைத் தாண்டினால், நடப்பிலுள்ள பங்களிப்புக் காலம் முடிந்ததும் தொழிலாளியும் அவருடைய குடும்பமும் திட்டத்திலிருந்து வெளியேறிவிடுவார்கள். கையில் கூடுதலாக வந்த பணத்தைப் பெற்றோரின் ஒரே ஒரு மருத்துவமனைச் செலவு விழுங்கிவிடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆகவே வரம்பைத் தாண்டும் ஒப்பந்தம் எதுவானாலும், பெற்றோரையும் உள்ளடக்கிய குழு மருத்துவக் காப்பீடு அதே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொன்னால் கையெழுத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஒப்பந்தத் தாளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பொறுப்பில் இருந்த காலத்தில் 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுகள் சட்டம் நடைமுறையில் இருந்தது. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் 12(3) பிரிவின்கீழ் போடும் ஒப்பந்தம், சங்கத்தில் இல்லாதவர்களையும் இனி வேலைக்கு வரப்போகிறவர்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். நிர்வாகமும் சங்கமும் தமக்குள் 18(1) பிரிவின்கீழ் போட்டுக்கொள்வது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல தொகைக்கு மயங்கிக் கையெழுத்திட்ட சங்கங்கள், ஆறே மாதத்தில் தொழிற்சாலைக்குள் இன்னொரு சங்கம் முளைப்பதைப் பார்த்திருக்கின்றன.

சங்கம் வந்தால் கம்பெனி மூடிவிடும் என்ற பேச்சு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எங்கும் உண்டு. அதற்குச் சான்றாக நோக்கியா கைப்பேசி ஆலையைக் காட்டுவார்கள். 2006ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பர் 1ஆம் நாளோடு நின்றது உண்மை. அங்கே சங்கம் இருந்ததும் உண்மை. ஆனால் அந்த ஆலை, நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட்டின் கைக்கு மாறாமல் போனதற்குக் காரணம் வருமானவரித் தகராறில் அதன் சொத்துகள் முடக்கப்பட்டது. சங்கத்துக்கு அதில் பங்கில்லை. சங்கத்தால் மூடலைத் தடுக்கவும் முடியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். முதலீடு எந்த நாட்டில் நிற்க வேண்டும் என்று வேறெங்கோ முடிவாகும் தொழிலில், ஆலை வாயிலில் நிற்கும் சங்கத்தின் கை அவ்வளவு நீளமானது அல்ல.

மறுபுறம், சங்கம் இல்லாத இடத்தில் அமைதி நிலவும் என்பதும் உண்மையல்ல. 2021 டிசம்பரில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், விடுதி உணவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்ற பிறகு, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலையில் வேலை சில வாரங்கள் நின்றது. சாப்பாடு சரியில்லை, ஓர் அறையில் இத்தனை பேர் தங்க முடியாது என்ற குறைகளை முன்கூட்டியே எடுத்துச்சென்று, பதில் வாங்கிவர அங்கே ஓர் அமைப்பு இருந்திருந்தால், அது நெடுஞ்சாலை வரை வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். நிர்வாகத்துக்கும் சங்கத்தால் பயன் உண்டு என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். பேசுவதற்கு ஆள் இருக்கும் கோபம் மேசைக்கு வருகிறது. பேச ஆள் இல்லாத கோபம் தெருவுக்கு வருகிறது.

வேலைநிறுத்தத்தை, பொருளாளர் என்ற முறையில், நான் எப்போதும் பணக்கணக்காகவே பார்த்தேன். வேலை இல்லையேல் ஊதியம் இல்லை என்பது மட்டுமல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, முறையான அறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் வேலைக்கு வராமல் இருந்தால் எட்டு நாள் ஊதியம் வரை பிடித்தம் செய்ய 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம் இடமளித்தது. வீட்டு வாடகை, இரு சக்கர வாகனத் தவணை, குழுக்கடன், பள்ளிக் கட்டணம் ஆகிய நான்கும் மாதத்தின் முதல் பத்து நாட்களுக்குள் வந்து நிற்கும். இரண்டாவது மாதத் தவணை தவறும்போதுதான் ஒற்றுமை சோதனைக்கு உள்ளாகிறது. 2024 செப்டம்பர் 9ஆம் நாள் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் நடுப்பகுதி வரை, ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை சங்கப் பதிவு. அது 2025 ஜனவரியில்தான், உயர்நீதிமன்றம் வரை சென்ற பிறகு, கிடைத்தது. அந்த உறுதியை நான் வணங்குகிறேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டு நாமும் இறங்கலாம் என்று என்னிடம் வந்த பக்கத்து ஆலை இளைஞர்களிடம், உங்கள் சங்க நிதி எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை வாரம் அரிசி வாங்கிக் கொடுக்கும் என்றுதான் முதலில் கேட்டேன். 1982 ஜனவரியில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்கு முறையான முடிவே வராமல், பெரும்பாலோர் ஆலைக்குத் திரும்ப முடியாமல் போனதையும் அவர்கள் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

சங்க நிதியைப் பற்றிப் பேசும்போது ஒரு கசப்பான செய்தியையும் மறைக்க விரும்பவில்லை. ஒப்பந்தம் முடிந்து நிலுவைத்தொகை வரும்போது, அதில் ஒரு பங்கைச் சங்கத்துக்கு வசூலிக்கும் வழக்கம் பல ஆலைகளில் உள்ளது. பெரிய தொகையை ரசீது இல்லாமல் வசூலித்தால் ஒரே ஆண்டில் சங்கத்தின் பெயர் கெட்டுவிடும். நாங்கள் ரசீதில்லாமல் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை என்றும், மாதந்தோறும் வரவுசெலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என்றும் பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். எதிரணியினர் அந்தத் தாளைப் புகைப்படம் எடுத்து ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகள்தான் சங்கத்தைச் சுத்தமாக வைத்திருந்தன.

வெளியிலிருந்து வரும் தலைவர்களைப் பற்றி நிர்வாகங்கள் குறைசொல்லாத நாளில்லை. இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் தலைவரான பி. பி. வாடியா ஆலைத் தொழிலாளி அல்லர். அவரைப் போன்றவர்கள்மீது, சென்னைப் பஞ்சாலைகளை நடத்திய பின்னி நிர்வாகம் வழக்குத் தொடுத்து நீதிமன்றத் தடை பெற்றதுதான், சங்கங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு முக்கியத் தூண்டுதல். ஆலைக்கு வெளியே இருப்பவரை நிர்வாகம் பணிநீக்கம் செய்ய முடியாது. சட்டமும் அவருக்குத் தெரியும். புதிய சங்கத்துக்கு அந்தத் துணை தேவை. ஆனால் அவர் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கட்சியைச் சேர்ந்தவராக இருப்பார். கூட்டணி மாறும்போது வாயில் கூட்டத்தின் வேகம் கூடுவதையும் குறைவதையும் நான் கவனித்திருக்கிறேன். அதனால் எங்கள் சங்கத்தில், எந்த முடிவானாலும் பொதுக்குழுவில் ரகசிய வாக்கெடுப்புக்குப் பிறகே தலைவர் கையெழுத்திடலாம் என்று விதியிலேயே எழுதினோம். எங்கள் சங்கம் உடையாமல் நின்றதற்கு அந்த விதி பெரிய காரணம்.

ஒழுங்கு நடவடிக்கைகளில் சங்கம் காட்டும் பிடிவாதம் இன்னொரு குறை. மாதத்தில் பாதி நாள் சொல்லாமல் வராதவருக்கும், மேற்பார்வையாளரின் பழிவாங்கலால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வாங்கியவருக்கும் ஒரே அளவில் சங்கம் வாதாடினால், இரண்டாமவருக்காகப் பேசும்போது அந்தப் பேச்சுக்கு எடை இருக்காது. வராதவரின் வேலையையும் சேர்த்துச் செய்பவர் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் சங்க உறுப்பினர்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். முறையான உள்விசாரணை, உடன்வரத் துணைத் தொழிலாளி, தற்காலிகப் பணிநீக்கக் காலத்துப் பிழைப்பூதியம் ஆகியவற்றை எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டியது சங்கத்தின் கடமை. முடிவு சாதகமாகவே வர வேண்டும் என்று உறுதி கொடுப்பது சங்கத்தின் கடமை அல்ல.

இனி, நான் முதலில் சொன்ன பெரிய குறைக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளர்களைவிட ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும் அதிகம். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து இளைஞர்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் அதே லைனில் அதே பாகத்தைச் செய்கிறார்கள். எங்கள் முதல் ஒப்பந்தம் முடிந்து வாயிலில் இனிப்பு வழங்கியபோது ஒரு பையன் என்னிடம், "அண்ணே, எங்களுக்கு எவ்வளவுண்ணே ஏறும்?" என்று கேட்டான். அவனுக்கு எதுவும் ஏறவில்லை. கோரிக்கைப் பட்டியலில் அவர்களுக்கான கோரிக்கைகள் கடைசியில் இருந்தன. அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள், அவர்களைப் பற்றி உங்களோடு பேச முடியாது என்று நிர்வாகம் முதல் அமர்விலேயே சொன்னது. எங்கள் குழுவில் பெரும்பான்மையோர் அதோடு விட்டுவிட்டார்கள். உயர்வின் சுமையை ஈடுகட்ட, ஓய்வுபெற்ற நிரந்தரத் தொழிலாளர்களின் இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுத்தும் வேகம் அதற்குப் பிறகு கூடியது. நாங்கள் வென்ற தொகையில் ஒரு பகுதி அவர்களுடைய உழைப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை மறுக்க முடியாது.

1921ஆம் ஆண்டு, பின்னி நிர்வாகத்தின் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைகளில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தைச் சங்க வகுப்புகளில் வீரவரலாறாக மட்டுமே சொல்வார்கள். அதில் வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் மூண்ட பகை புளியந்தோப்பில் தீவைப்பாகவும் உயிர்ப்பலியாகவும் முடிந்ததையும், அந்த வேலைநிறுத்தம் தோற்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிகவும் பலவீனமான நிலையில் இருப்பவர் ஏன் நம்மோடு நிற்க முடியவில்லை என்று கேட்காத சங்கம், அவரையே எதிரியாக்கிக்கொள்கிறது. இன்றைய ஆலைகளில் அந்த இடத்தில் இருப்பவர் ஒப்பந்தத் தொழிலாளி.

இரண்டாவது ஒப்பந்தத்துக்கு முன்னால் நாங்கள் சிலர் பொதுக்குழுவில் விடாமல் பேசி, அவர்களுக்கான கோரிக்கைகளைப் பட்டியலின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தோம். அதற்காகத் தங்கள் உயர்வில் சிறிது குறைந்தாலும் ஒப்புக்கொள்வதாக நிரந்தரத் தொழிலாளர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் நிர்வாகத்தோடு பேசுவதைவிடக் கடினமாக இருந்தது. ஒரே கேன்டீன் சாப்பாடு, ஒரே பேருந்து, ஒரே தரமான பாதுகாப்புக் காலணியும் கையுறையும் கிடைத்தன. ஊதியத்தில் சிறிய தொகைதான் கிடைத்தது. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்பது ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளிலேயே இருந்தும், அதுவரை போக முடியவில்லை.

2025 நவம்பர் 21ஆம் நாள் முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. எல்லாத் தொழிற்சாலைகளிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால், அது முடிந்து ஏழு நாள் ஆகும்வரை இறங்க முடியாது. ஆலையின் வருகைப் பட்டியலில் உள்ளவர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே தனிப் பேச்சுரிமை பெறும். யாருக்கும் அந்த அளவு இல்லையென்றால் 20 விழுக்காட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் பேச்சுக்குழு அமையும். இதுவரை தமிழ்நாட்டில் சங்க அங்கீகாரத்துக்குத் தெளிவான சட்டமே இல்லாமல் இருந்ததால், எண்ணிக்கையை வைத்து முடிவுசெய்யும் இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு. ஆனால் ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருக்கும் தொழிலாளி இந்தக் கணக்கில் எங்கே வருவார் என்ற கேள்வியை, பேச்சுவார்த்தைக்கு முன்பே சங்கங்கள் எழுப்பியாக வேண்டும்.

சங்கம் தொடங்க வருபவர்களிடம் நான் இப்போது இரண்டு பதிவேடுகளை வைக்கச் சொல்கிறேன். ஒன்று உறுப்பினர் பதிவேடு. சந்தா ரசீது எண்ணோடு, யார் கேட்டாலும் காட்டக்கூடிய நிலையில் அது இருக்க வேண்டும். மற்றொன்று ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடு. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவர் நிரந்தரத் தகுதி கோரலாம்; அந்த நாட்கள் நிறைவதற்கு முன் இடைவெளி விட்டு, ஒப்பந்ததாரரின் பெயரை மாற்றி, மீண்டும் அதே லைனில் நிறுத்துவார்கள். வேலைக்கு வந்த நாள், நிறுத்தப்பட்ட நாள், எந்த இயந்திரம், எந்த ஒப்பந்ததாரர், வைப்புநிதிக் கணக்கில் மாதந்தோறும் வரவான தொகை என்று எழுதி, ஊதியச் சீட்டின் படத்தையும் சேர்த்து வைத்தால்தான் தொழிலாளர் துறையின் முன் அவரால் நிற்க முடியும். அந்தப் பையன்களில் பலர் ஊருக்குப் போகும்போது எல்லாத் தாள்களையும் தொலைத்துவிடுகிறார்கள். எங்கள் சங்கத்தில் அந்தப் பதிவேட்டை இப்போது எழுதுபவர், ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து பின்னர் நிரந்தரமான ஒருவர்.